சீயக்காய் இடித்த வெள்ளிக்கிழமை

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துத் தொழிலாளர் லைனில் ஒரு வீட்டில் சீயக்காய் இடித்தால் லைன் முழுக்கத் தும்மும். முதல் உலக்கை விழும்போது இடிக்கிறவள் தும்முவாள். அடுத்ததில் மூங்கில் தட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள். பத்தாவது இடிக்குள் தெருக்கோடியில் கட்டிப்போட்ட ஆடு வரைக்கும் தும்மிவிடும்.

அந்த வெள்ளிக்கிழமை விடியும்போது இன்னும் யாரும் தும்மவில்லை. மார்கழிப் பனி லைனுக்குள் இறங்கி, வீடுகளின் கூரையை மட்டும் மிதக்க விட்டிருந்தது. ஜெயம்மா வாசலில் குந்தி, மூன்று நாள் வெயிலில் காய்ந்த சீயக்காயை முறத்தில் குலுக்கிப் பார்த்தாள். உள்ளே விதைகள் கலகலவென்றன. சிரிக்கிற சத்தம்போல இருக்கிறதே என்று நினைத்து, இன்னொரு தடவை குலுக்கினாள்.

செவ்வாய்க்கிழமை குடியாத்தத்துக்கு ரயிலேறும்போது மாமியார் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ஒன்று, இளைய மருமகளான ஜெயம்மாவிடம். "போகிக்குள்ள வூட்டுக்கு வேண்டிய சீயக்காய நீதான் இடிச்சி வெக்கணும். கனா கண்டுகினு குந்திடாத."

இன்னொன்றை யார் முகத்தையும் பார்க்காமல், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். "பெரியவனுக்கு ஒரு வழி பண்ணிட்டு சனிக்கிழம வண்டில வரேன்."

பெரியவன் முனிரத்தினம். அவருக்கு இரண்டாவதாக ஒரு பெண் பார்க்கத்தான் போகிறாள் என்று லைனில் எல்லோருக்கும் தெரியும். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் குழந்தை இல்லை. அதற்கு மேல், போன ஆவணியில் வந்த விஷஜுரம் அவர் பெண்டாட்டி ரத்தினம்மாவை உயிரோடு விட்டுவிட்டு, இடுப்புக்குக் கீழே தொங்கிய அவள் முடியைக் கொண்டுபோய்விட்டது.

கடைசியாகச் சீயக்காய் தேய்த்த நாளில் கைநிறைய வந்த முடியைப் பார்த்தவள்தான். அதற்குப் பிறகு ரத்தினம்மா தன் தலையைத் தானே தொட்டதில்லை. முக்காட்டோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வாள். முக்காட்டோடு சமைப்பாள். புருஷன் எதிரில்கூட முந்தானையை இழுத்து நெற்றி வரைக்கும் விட்டுக்கொள்வாள்.

போதாததற்குப் போன வாரம் குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. முனிரத்தினம் ஷிப்டு முடிந்து நேரே வீட்டுக்கு வருவதில்லையாம். மாரிகுப்பத்தில் பாப்பம்மா என்று ஒருத்தி இருக்கிறாளாம். அங்கே போகிறாராம்.

"இன்னா வாசன இது?"

ஜெயம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அவள் புருஷன் ராஜப்பா காலை ஷிப்டுக்குக் கிளம்பி, கையில் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்தான். கல்யாணமாகி ஏழு மாதத்தில் அவன் அவளிடம் பேசிய பேச்சையெல்லாம் ஒரு முந்தானை முடிச்சில் முடிந்துவிடலாம்.

"வெட்டிவேருங்க. தூளுக்குப் போடறது."

"கீழ இதெல்லாம் கெடையாது. வெடிமருந்துப் பொகதான்" என்றான். குனிந்து இரண்டு வேரை எடுத்து மடியில் செருகிக்கொண்டான். அப்படியே பனிக்குள் போய்விட்டான்.

ஜெயம்மா அவன் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பனிக்குள் அவன் தலை மறைந்த இடத்தில் இன்னொரு தலை தெரிந்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து முனிரத்தினம் வந்துகொண்டிருந்தார். சுரங்க ஷாப்டுக்குள் பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கட்டுகிற வேலை அவருக்கு. உடம்பு முழுக்க மண். தலையில் காதை மூடி இறுக்கிக் கட்டிய முண்டாசு.

"மாமா, நாளைக்கு சனிக்கெழம. தண்ணி காய வெக்கறேன். தலைக்கு ஊத்திக்கறீங்களா?"

"எனக்கு வேணாம்மா."

"மூணு வாரமா வேணாம்னு சொல்றீங்களே."

முனிரத்தினத்தின் கை தானாக முண்டாசுக்குப் போனது. "சளி" என்றார். வாசல் வரை வந்தவர் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பினார்.

அவர் காலடிச் சத்தம் கரைந்த பிறகு கதவோரத்திலிருந்து ரத்தினம்மா வெளியே வந்தாள். இடுப்பில் ஒரு துணி மூட்டை.

"பாத்தியா? மாரிகுப்பம் பக்கம் திரும்பிட்டாரு."

"அக்கா, மூட்ட இன்னாத்துக்கு?"

"சாயங்கால வண்டிக்கு எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்." ரத்தினம்மாவின் குரலில் அழுகை இல்லை. அரிசி அளக்கிறவள் குரல்போல இருந்தது. "நாளைக்கு அத்த யாரையாச்சும் கூட்டிகினு வந்து நிக்கறப்ப நான் இங்க இருக்கக் கூடாது. தொரத்திட்டாங்கன்னு ஊரு பேசறதுக்கு முன்ன, நானா போனன்னு இருக்கட்டும்."

ஜெயம்மா முறத்தைக் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் தன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனது ரத்தினம்மாதான். இவள் போய்விட்டால் இந்த வீட்டில் யாரோடு பேசுவது? அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"தலைக்கு ஊத்திகினு போங்க."

"இன்னாது?"

"நான் ஊத்தி வுடறேன். சீயக்காய கொறச்சிக்கறேன். பச்சப்பயறும் வெந்தயமும் ஜாஸ்தி போட்டா எரிச்சல் இருக்காது. நான் கை வெச்சா வலிக்கவும் வலிக்காது."

ரத்தினம்மா முந்தானையை இன்னும் இழுத்துக்கொண்டாள். "கையோட வந்துச்சின்னா?"

"வந்தா நான் பாத்துக்கறேன். நீங்க பாக்க வேணாம்."

ரத்தினம்மா மூட்டையைக் கதவோரம் வைத்துவிட்டு, பாயில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், வெந்தயம். தனக்குத்தானே பேசுகிறவள்போலச் சொன்னாள்.

"செம்பருத்தி எல இருந்தா வழவழன்னு இருக்கும்."

அது போதுமாக இருந்தது. ஜெயம்மா கூடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லைனில் செம்பருத்தி ஏது? பங்களாக்கள் இருக்கிற மேட்டுக்குத்தான் போக வேண்டும். பனியில் நடப்பது ஜெயம்மாவுக்குத் தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் ஒவ்வொன்றும் உருவாகும். முதலில் ஒரு வேலி. பிறகு வேலியில் ஒரு சிவப்புப் பூ. பிறகு பூவுக்குப் பின்னால், குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த லூயிசா.

லூயிசா அந்தப் பங்களாவில் ஆயா. ஜெயம்மாவுக்கு இந்த ஊரில் முதலில் கிடைத்த சிநேகிதி.

"எலையா? எடுத்துக்கோயேன். தொரசானி பூவத்தான் எண்ணுவாங்க, எலைய எண்ண மாட்டாங்க" என்று லூயிசா கொத்துக் கொத்தாக ஒடித்துப் போட்டாள். "இன்னா மூஞ்சி இப்டி கீது? ராஜப்பா எதுனா சொன்னாரா?"

"அவரு பேசினாதானே சொல்றதுக்கு." ஜெயம்மா தயங்கினாள். பிறகு கேட்டே விட்டாள். "மாரிகுப்பத்துல பாப்பம்மான்னு ஒருத்தி... உனக்குத் தெரியுமா?"

"ஒருத்தியா?" லூயிசா கையிலிருந்த துணியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அடிப் பாவி. அவங்களுக்கு அறுவது வயசு. வாயில நாலு பல்லுதான் கீது. சவுரி பின்றவங்க. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறப்ப நான் வெச்சிகினு போற கொண்ட பாத்திருக்கியே, அதுல பாதி அவங்க கைவேல."

ஜெயம்மா கூடையை அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அறுபது வயது. சவுரி. பனிக்குள் ஏதோ ஒரு கதவு திறந்தது போலவும், திறந்த கதவுக்குப் பின்னால் இன்னும் பனியே இருப்பது போலவும் இருந்தது. முனிரத்தினம் மாமாவுக்குச் சவுரி எதற்கு?

வீடு வந்து சேர்ந்ததும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு உரலில் சீயக்காயைக் கொட்டினாள்.

தூரத்தில் மில்லில் கல் இடிக்கிற சத்தம் ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருக்கும். ஜெயம்மா ஊரிலிருந்து வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் தூக்கம் பிடிக்காமல் கிடந்தாள். இப்போது அது நின்றால்தான் விழிப்பு வரும். அவளுடைய உலக்கை தானாகவே அந்தத் தாளத்தில் சேர்ந்துகொண்டது. அங்கே கல், இங்கே காய். அங்கே கல்லிலிருந்து பொன் வரும் என்கிறார்கள். இங்கே வருவது பழுப்பு நிறத்தில் ஒரு பொடி. பூவும் வேரும் கிழங்கும் விழ விழ வாசனை மாறிக்கொண்டே போனது.

இந்த உரலுக்கு நேர் கீழே, எத்தனையோ பனைமர ஆழத்தில், இப்போது ராஜப்பா டிரில் பிடித்துக்கொண்டிருப்பான். இந்த இடி அங்கே கேட்குமா? பாறைக்குள் இறங்கி இறங்கிப் போய், அவன் தலைக்கு மேலே ஒரு சின்னச் சத்தமாக விழுமா? இதென்ன புதுச் சத்தம் என்று அவன் நிமிர்ந்து பார்ப்பான் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பக்கத்து வீட்டில் தும்மினார்கள். அதற்கடுத்த வீட்டில் தும்மினார்கள். ஆடும் தும்மியது.

வீட்டுக்குப் பின்னால் தட்டி வைத்து மறைத்த இடத்தில் அண்டாத் தண்ணீர் ஆவி பறக்கக் காய்ந்திருந்தது. வெயில் ஏறிப் பனி கலைகிற நேரம். ஆவி எது, பனி எது என்று தெரியவில்லை. மல்துணியில் சலித்தெடுத்த தூளை வடிகஞ்சியில் குழைத்து, கசக்கிய செம்பருத்தி இலையின் கொழகொழப்பை அதோடு சேர்த்தாள். ரத்தினம்மா முதுகைக் காட்டிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். கண்களை இறுக்க மூடிக்கொண்டு, "எடு" என்றாள்.

ஜெயம்மா முந்தானையை எடுத்தாள்.

முதலில் அவள் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு தண்ணீர் ஊற்றினாள். பிறகு விரல்களை மட்டும் வைத்தாள். விரல்களுக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. கோழிக்குஞ்சின் முதுகைத் தடவுவதுபோல. அவள் கஞ்சியும் தூளும் குழைத்ததை மெதுவாகத் தேய்த்தாள். கையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கை பச்சையும் பழுப்புமாக இருந்தது. ஒரு முடிகூட இல்லை.

"அக்கா."

"வந்துச்சா? சொல்லாத. எனக்குச் சொல்லாத."

"அக்கா, ஒண்ணும் வரல. முளைச்சிகினு கீது."

"பொய் சொல்லாத ஜெயம்மா."

"தல முழுக்க கீதுக்கா. வெரக்கடை நீளத்துக்கு. கறுகறுன்னு."

ரத்தினம்மா அசையவில்லை. கன்னத்தில் வழிந்த நுரை சொட்டியது. ஜெயம்மா அவளுடைய வலது கையைப் பிடித்துத் தூக்கினாள். அந்தக் கை பாதியில் கனத்து நின்றது. இழுத்துக்கொள்ளவும் இல்லை, வரவும் இல்லை. கடைசியில் தானாகவே மேலே போய், நாலு மாதம் போகாத இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அவள் தன் தலையைத் தடவினாள். நிறுத்தினாள். மறுபடியும் தடவினாள். யாருடையதோ குழந்தையைத் தடவுகிறவள்போல அவ்வளவு பதமாகத் தடவிக்கொண்டே இருந்தாள். ஜெயம்மா தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடிக்கும்போதுதான் பாப்பம்மாவின் வயதைச் சொன்னாள்.

"அறுவதா?"

"பல்லு நாலுதான் கீதாம். சவுரி பின்றவங்களாம்."

ரத்தினம்மா கண்ணைத் திறந்தாள். "சவுரியா?" கொஞ்சம் யோசித்தாள். அடுத்த நிமிஷம் முகம் இருண்டது. "அப்ப எவளுக்கோ சவுரி வாங்கித் தராரா?"

ஜெயம்மாவுக்கு இந்தக் கேள்வி தோன்றவே இல்லை. பதில் சொல்வதற்குள் வாசலில் செருமுகிற சத்தம் கேட்டது. ரத்தினம்மா ஈரச் சேலையை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டாள்.

இருவரும் உடை மாற்றி முன்பக்கம் வந்தபோது முனிரத்தினம் வாசலில் நின்றிருந்தார். தூங்காத கண். கையில் வாழை மட்டையில் கட்டிய ஒரு பொட்டலம். கதவோரம் இருந்த துணி மூட்டையை ஒருமுறை பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஜெயம்மா, இத அவளாண்ட குடும்மா."

"நான் இங்கதான் நிக்கறேன்" என்றாள் ரத்தினம்மா.

அவர் பொட்டலத்தைப் பாயில் வைத்தார். ரத்தினம்மா அதை உடனே தொடவில்லை. பிறகு குனிந்து பிரித்தாள். உள்ளே, நுனியில் கறுப்பு நூல் கட்டி, ஒரு சவுரி. முழங்கை நீளத்துக்குப் பளபளவென்று சுருண்டு கிடந்தது.

"நாளைக்கு அம்மா வராங்க" என்றார் முனிரத்தினம், தரையைப் பார்த்துக்கொண்டு. "வெச்சிகினு நில்லு."

"அப்ப நான் இப்டி இருந்தா உங்களுக்கு ஆவாது."

"நான் அப்டிச் சொல்லல."

"சவுரி வெச்சாதான் நான் இந்த வூட்டு மருமகளா? இது எந்தப் புண்ணியவதி முடியோ, அத என் தலையில..."

"உன்னுதுதான்."

ரத்தினம்மா நிறுத்தினாள்.

"ஜுரத்துல நெனப்பு இல்லாம கெடந்தியே, அப்ப தலகாணியில வுழுந்தது, பாயில வுழுந்தது, அப்புறம் அன்னிக்குச் சீயக்காய் தேச்சப்ப வந்தது, எல்லாத்தையும் பொறுக்கி வெச்சேன். ஒண்ணுகூட குப்பைக்குப் போவல. பாப்பம்மாதான் சிக்கெடுத்துப் பின்னாங்க. ஒக்காந்து சிக்கெடுக்கறதுக்கே இருவது நாளு ஆச்சி. நானும் கூட குந்திகினு எடுத்தேன். எனக்கு வராதுன்னு திட்டுவாங்க."

ஜெயம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு தூள் இருந்த முறத்தைச் சும்மா புடைத்தாள். பாறைக்கு மரம் கட்டுகிற அந்தத் தடித்த விரல்கள், நாலு பல் கிழவி பக்கத்தில் உட்கார்ந்து முடியில் சிக்கெடுப்பதை அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ரத்தினம்மா சவுரியை மடியில் போட்டு விரலால் கோதிப் பார்த்தாள். மேலே மழமழப்பாக இருந்தது. உள்ளே விரல் போனதும் நின்றது.

"இது என்னுது இல்ல. சொரசொரன்னு கீது. யாருது?"

"உன்னுது பாதிக்குத்தான் வந்துச்சி. மீதிக்கு..." என்று தொடங்கினார் முனிரத்தினம்.

ஜெயம்மா புடைத்த முறத்திலிருந்து தூள் நேராக அவர் மூக்குக்குப் போயிருந்தது. அவர் தும்மினார். ஒரு தும்மல், இரண்டு தும்மல். மூன்றாவது தும்மலில் உடம்பே குலுங்கி, காது வரைக்கும் இழுத்துக் கட்டிய முண்டாசு அவிழ்ந்து தோளில் விழுந்தது.

பின்கழுத்து வரைக்கும் தொங்கிக்கொண்டிருந்த அவர் குடுமி இல்லை. ஒட்டக் கத்தரித்த முடி, வெயில் படாத தோல் வெளுத்துத் தெரிய, நட்டுக்க நின்றது.

முனிரத்தினம் அவசரமாக முண்டாசைத் தேடி, அது தோளிலேயே கிடப்பது தெரியாமல் தரையைத் தடவினார்.

"கீழ எறங்கற கேஜ்ல எல்லாரும் கேக்கறாங்க" என்றார் மெல்ல. "கிறிஸ்து வேதத்துல சேந்துட்டியான்னு. இல்லன்னு சொன்னா, அப்ப யாரு செத்துட்டாங்கன்னு கேக்கறாங்க."

ரத்தினம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து ஜெயம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்த சிரிப்பு, அடக்க அடக்கப் பெரிதாகி, முந்தானை நழுவி விழுவதுகூடத் தெரியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முனிரத்தினம் அவள் தலையைப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடியே நின்றார்.

"மொளச்சிடுச்சா?" என்றார், கோயிலுக்குள் பேசுகிறவர்போல.

"உங்களுதுக்கும் என்னுதுக்கும் ஒரே நீளந்தான். குந்துங்க."

"வெள்ளிக்கெழம ஆம்பள தலைக்கு ஊத்திக்கறதா?"

"இத யாரு தலன்னு சொன்னாங்க? மொழங்கால் மாதிரி கீது. குந்துங்க."

அண்டாவில் இன்னும் வெந்நீர் இருந்தது. ஜெயம்மா ஒரு கை தூளை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தட்டிக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நடுநடுவே, கண் எரிகிறது என்று ஒரு முனகல். எரியட்டும் என்று ஒரு பதில். ஜெயம்மா வாசலில் உட்கார்ந்து மீதித் தூளைச் சட்டியில் அமுக்கி வைத்தாள். கை முழுக்க மணத்தது. தலைமுடியில், சேலையில், காற்றில்கூட. மூட்டையைப் பிரித்துச் சேலைகளை மறுபடி கொடியில் போட வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கத்தான் மனமில்லை. வேலையெல்லாம் முடிந்து சாயங்கால வண்டி ஊதிக்கொண்டு போனபோது அவள் மறுபடி அங்கேயேதான் இருந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் ரத்தினம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் முக்காடு இல்லை. சாம்பிராணிப் புகை காட்டிய அந்தக் குட்டை முடி அவளைப் பள்ளிக்கூடத்துப் பையன்போல ஆக்கியிருந்தது.

"நாளைக்கு வண்டிக்கு ஸ்டேஷனுக்கு நான்தான் போறேன்" என்றாள்.

"இப்டியேவா?"

"இப்டியேதான்." அவள் மடியிலிருந்த சவுரியை எடுத்து, வெள்ளைத் துணியில் பத்திரமாகச் சுற்றினாள்.

"அத எடுத்துகினு போறீங்களா? இப்டியேதான் போறேன்னீங்களே."

"எனக்கு இல்ல. அத்தைக்கு. அவங்க கொண்ட எலந்தக்கொட்டையாட்டம் ஆயிப்போச்சி இல்ல? ரயில வுட்டு எறங்கனதும் குடுத்துடறேன்."

ஜெயம்மா கண்ணை விரித்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். பெரிய மருமகளின் முடியையும் பெற்ற பிள்ளையின் குடுமியையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னிய சவுரியோடு மாமியார் பிளாட்பாரத்தில் நிற்பதை நினைத்தபோது, அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

"இது யாரு முடின்னு கேட்டாங்கன்னா?"

ரத்தினம்மா துணியின் நுனியை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"கேக்கட்டும். நான் சொல்றேன். அவங்க பக்கத்துல யாரு வந்து நிக்கறாங்களோ, அந்தப் பொண்ணும் கேட்டுக்கட்டும்."